சுவரைப் பார்த்துப் பேசும் அப்பா

மேஸ்திரிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் யார் எதைச் செய்தாலும் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் இது.

அப்பா பெயிண்டர். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சின்னச் சுரப்பி உண்டு. அதில் வருகிற புரோஸ்டேட் புற்றுநோய் அவருக்கு வந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லேசான வேலைகள் செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா கட்டிலை விட்டு எழவில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். என்ன செய்கிறது என்று அம்மா கேட்டால், ஒன்றுமில்லை என்பார்.

உடம்பைப் போல மனசையும் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதே நோய் வந்தவர்கள் சனிக்கிழமைதோறும் மருத்துவமனையில் கூடிப் பேசுவார்களாம். மனநல ஆலோசகர் ஒருவரும் கூட இருப்பாராம். அம்மா அப்பாவை அழைத்துப் போனார். மேஸ்திரியும் ஒட்டிக்கொண்டாள்.

அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம். பல் பிடுங்க வந்தவர் போல அப்பா உட்கார்ந்திருந்தார். பேரைச் சொன்னார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், "இனிமே என்னைக் கூப்பிடாதே. முகத்துக்கு நேரா உக்காந்து பேச எனக்கு வராது" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி யோசித்தாள். அப்பாவுக்கா பேச வராது? விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது பார்த்திருக்கிறாளே. அப்பாவும் கூட்டாளி மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெயிண்ட் அடிப்பார்கள். வீட்டுக் கஷ்டம், பிள்ளைகள் கவலை எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தே பேசித் தீர்ப்பார்கள். சாப்பிட எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் வாய் பூட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆலோசகரிடம் போய் நின்றாள்.

"மேடம், எங்கப்பா நல்லா பேசுவார். ஆனா சுவரைப் பார்த்துதான் பேசுவார்."

ஆலோசகர் சிரித்தார். பிறகு முழுக்கக் கேட்டார். கூட்டம் நடக்கும் அறைச் சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அன்றே அனுமதி வாங்கினார். பெயிண்ட்டும் வந்து இறங்கியது. அடிக்கப் போவது யார்? குழுவில் இருந்த பஸ் டிரைவரும் தையல்காரரும்.

வீட்டுக்கு வந்து மேஸ்திரி, "சுவரைத் தேய்ச்சு, பள்ளத்தை அடைச்சுப் பட்டியே பார்க்காம நேரா பெயிண்ட் அடிக்கப் போறாங்களாம்ப்பா" என்றாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "பட்டி பார்க்காமலா?"

சனிக்கிழமை அவரே முதல் ஆளாக அங்கே நின்றார். எல்லோருக்கும் உப்புத்தாள் கொடுத்தார். எப்படித் தேய்ப்பது என்று காட்டினார். அறை முழுக்கச் சரசரவென்று சத்தம். பிறகு, சுவரைத் தேய்த்தபடியே அப்பா சொன்னார்:

"கண்ணை மூடினா, திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். அதோட, ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியல; பஸ் ஓட்டுறப்போ பூரா அடுத்த ஸ்டாப்புல டாய்லெட் இருக்கான்னுதான் மனசு ஓடுது" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! வாசலில் நின்ற அம்மா மேஸ்திரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆலோசகரும் ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று சுவரிடமே கேட்டார். அப்பா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். தனியாக வந்து பேசவும் ஒரு நாள் குறித்துக்கொண்டார்.

சில வாரங்களில் நான்கு சுவரும் பளிச்சென்று ஆகிவிட்டன. அடிக்க இனி எதுவும் பாக்கி இல்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா போவாரா என்று மேஸ்திரி கதவோரம் நின்று பார்த்தாள்.

அப்பா தலை வாரிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் செருப்பைப் போடு மேஸ்திரி. அந்தத் தையல்காரர் இன்னும் ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு நான் அவர் பக்கத்துல உக்காரணும்."