கடைசி ஆளின் கோல்

ஐகாண்டே கோலை இன்னும் தூக்கவே இல்லை. ஆனால் கோல் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். இரும்புப் பூண் கல்லில் படுகிற அதே சத்தம். கேட்ட மாத்திரத்தில் மேலே மனாசேயின் நெற்றி விளக்கு நகர்ந்தது. அதன் பின்னால் இரண்டு விளக்குகள் எழுந்து நகர்ந்தன. நான்காவதாக சுஹுரா, பாறையில் கையை ஊன்றி முனகிக்கொண்டே எழுந்தாள்.

"அதுக்குள்ள தட்டிட்டியா தங்கச்சி? எங்க ஊர்ல மாட்டைக்கூட இதைவிட நேரம் விட்டு ஓட்டுவாங்க."

ஐகாண்டே கையிலிருந்த கோலைப் பார்த்தாள். இந்தக் குழுவில் அவள்தான் கடைசி. சத்தம் வந்தது அவளுக்கும் கீழேயிருந்து.

உச்சிக்கு ஏறும் இரவில் பேச்சு எடுபடாது. வாயைத் திறந்தால் சொல்லைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் வழிகாட்டிகளுக்குள் ஒரு முறை உண்டு. ஓய்வெடுத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று பார்த்து, கடைசி ஆள் மூன்று தரம் கல்லில் தட்ட வேண்டும். தட்டினால் முன்னால் இருப்பவர் நடப்பார், திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பினால் அவருடைய விளக்கு பின்னால் வருகிறவர்களின் கண்ணைப் பறித்துவிடும். மனாசே பதினெட்டு வருடமாகக் கிபோ சிகரம் ஏறுவது இப்படித்தான். அவன் தங்கை ஐகாண்டேக்குக் கடைசி ஆளாக நடப்பது இதுவே முதல் தடவை. டோடோமாவிலிருந்து வந்த மூன்று ஆசிரியர்களில் இரண்டு பேர் வாலிபர்கள், தாக்குப்பிடிப்பார்கள். சுஹுராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. "அந்தம்மாவை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. அவங்க உயிர் உன் பொறுப்பு," என்று பராஃபு முகாமில் கஞ்சி குடிக்கும்போதே மனாசே கறாராகச் சொல்லியிருந்தான்.

கீழே கேட்டது எதிரொலியாக இருக்கும் என்று ஐகாண்டே நினைத்துக்கொண்டாள். தட்டாத கோலுக்கு ஏது எதிரொலி என்று மனசு உடனே குறுக்கே பேசியது.

திரும்பி விளக்கை அடித்தாள். கருஞ்சரளை, அதில் வளைந்து வளைந்து இறங்கும் தடம், தடத்தில் அவர்கள் ஐந்து பேரின் காலடிகள், மிதிபட்ட தூசியின் கந்தக வாடை, இடப்பக்கம் எங்கோ பனிப்பாறை தனக்குத் தானே முறியும் ஓசை. முந்தின நாள் அடித்த சூறைக்காற்றால் வேறு எந்தக் குழுவும் இன்று கிளம்பவில்லை. கீழே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை.

அடுத்த ஓய்வில் அவள் கோலை மடியில் படுக்க வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். சுஹுரா இஞ்சித் தேநீரை உறிஞ்சிவிட்டுப் புலம்பத் தொடங்கினாள்.

"என் பொண்ணு சொன்னா, உன்னால பள்ளிக்கூட மாடியே ஏற முடியாதும்மான்னு. உச்சியில நின்னு ஒரு போட்டோ எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும். என்னை எப்படியாவது ஏத்திவிட்டுடு தங்கச்சி. இறக்கியும் விடணும், ஆமா."

"நான் இருக்கேன்ல அக்கா," என்றாள் ஐகாண்டே.

டொக், டொக், டொக்.

இப்போது பக்கத்தில். ஒரு வளைவுதான் கீழே.

மேலே விளக்குகள் நகர்ந்தன. சுஹுரா எழுந்தாள். ஐகாண்டே கத்தினாள், "அண்ணா! நில்லு!" காற்று அதைக் கொண்டுபோயிற்று. மனாசே திரும்பவில்லை. திரும்பமாட்டான், அதுதானே முறை. இனிமேல் எது தட்டினாலும் அவன் நடந்துகொண்டேதான் இருப்பான். அவனிடம் நேரில் சொல்லாமல் வேறு வழியில்லை.

"அக்கா, நீங்க இங்கேயே நில்லுங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன். அசையாதீங்க."

"போயிட்டு வா. நான் எங்கே ஓடப்போறேன்?"

சரளையில் ஓட முடியாது. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. மூச்சு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இரண்டு ஆசிரியர்களையும் தாண்டிப் போய் மனாசேயின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது அவளால் பேச முடியவில்லை.

"நான் தட்டலண்ணா. ரெண்டு தடவையும் நான் தட்டல. கீழே யாரோ இருக்காங்க."

மனாசே அவள் முகத்தில் விளக்கை அடித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உயரம் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு." சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "அந்தம்மாகூட யார் இருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து வந்தது.

டொக், டொக், டொக்.

மனாசே அவள் கையில் இருந்த கோலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் முழுசாகத் திரும்பிக் கீழே பார்த்தான்.

காற்று நின்றுவிட்டது. அப்படியொரு அமைதி.

இரண்டு விளக்குகள் பக்கத்தில் இருந்தன. மூன்றாவது, சுஹுராவின் விளக்கு, நிற்கச் சொன்ன இடத்தில் இல்லை. தடத்தை விட்டு விலகி, இடப்பக்கமாக, பனிப்பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பாதை கிடையாது. பனிக்கு அப்பால் நானூறு அடிப் பள்ளம்.

"அக்கா! அங்கே போகாதீங்க! நில்லுங்க!" ஐகாண்டே தொண்டை கிழியக் கத்தினாள். "நான் இங்கே இருக்கேன்!"

விளக்கு நின்றது. மேலே திரும்பியது.

"யாரது கத்துறது?" சுஹுராவின் குரலில் கொஞ்சம்கூடப் பயமில்லை. "தங்கச்சி இங்க என் கையைப் பிடிச்சிட்டுத்தானே இருக்கா."

விளக்கு மறுபடி திரும்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் அக்கா. வாங்க."

அது ஐகாண்டேயின் குரல். அவளுடைய குரலேதான். ஐகாண்டே இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மனாசே சரளையில் விழுந்து, புரண்டு, எழுந்து, கீழே பாய்ந்தான். சுஹுராவின் பேரைச் சொல்லி அவன் அலறுவது மலை முழுக்கக் கேட்டது. விளக்கு அவசரப்படவில்லை. பனிப்பாறையின் விளிம்பு வரை போயிற்று. அங்கேயும் நிற்கவில்லை. அதே மெதுவான நடையில், விளிம்பைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.