பூவாயி போட்ட முடிச்சு

வசந்த் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினான். தோளில் பை, பைக்குள் தன் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் கொடுத்த சான்று. மஞ்சக்குட்டைப் பக்கம் பழைய எஸ்டேட் பங்களாவில் நடக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த புது ஆள். அவன் பின்னாலேயே மூடுபனியும் உள்ளே நுழைந்தது. அதனிடம் யாரும் சான்று கேட்கவில்லை.

என் கட்டில் சன்னலோரம். எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு அந்தக் குறை கிடையாது. பக்கத்துக் கட்டில் காலி. அதில் கிடந்த மரியதாஸ் போன வாரம் இறந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டவள் பூவாயி. மரியதாஸுக்குப் பேச்சு வராது. அதனால் பழைய பச்சைச் சேலையில் ஒரு கீற்று கிழித்து, அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருப்பாள். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆள் இறந்தால் முடிச்சை அவளே அவிழ்த்து, ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்புவாள். அதுவரை உயிர் அங்கேயே காத்திருக்கும் என்பது அவள் கட்சி.

முதியோரைத் தொடுகிறவர் மேல் வழக்கு இருக்கக்கூடாது என்று நிர்வாகம் விதி போட்டது. விதியை நான் குறை சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள வந்து சங்கிலியை அறுத்துப் போனவர்களும் உண்டு. பூவாயி மேல் இருந்தது, மாரமங்கலம் கிராமத்துக்கு பஸ் விடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த வழக்கு. பஸ்ஸை மறித்தவள் கழுத்தையும் நெரிப்பாள் என்று மேனேஜர் ஜாபெஸ் முடிவு செய்து, துணியைக் கத்தரிக்கோலால் வெட்டி, அவளை வெளியே அனுப்பினார். அன்று சாயங்காலமே மரியதாஸ் போய்விட்டார். கையில் இருந்த முடிச்சோடு புதைத்தார்கள்.

வசந்த் பூவாயியின் நாற்காலியில் உட்கார்ந்தான். கரண்ட் போயிற்று. பனி அறையை நிறைத்தது. மரியதாஸுக்கு நெஞ்சில் தேய்த்துவந்த நீலகிரித் தைலத்தின் வாசம், மெதுவாக, காலிக் கட்டிலிலிருந்து வந்தது.

"ஐயா," என்று கிசுகிசுத்தான் வசந்த். "எங் கைய யாரோ புடிச்சிருக்காங்களா?"

"இல்ல கண்ணு. கட்டியிருக்காங்க."

பச்சைத் துணி. ஒரு முனை அவன் மணிக்கட்டில். மறுமுனை காலிக் கட்டிலுக்கு மேல், ஆளில்லாத இடத்தில், விறைப்பாக நின்றது.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

"புரட்டிப் படுக்க வெக்கச் சொல்றாரு," என்றேன்.

வசந்த் போட்ட அலறல் கேட்டு வந்த ஜாபெஸ் மறுபடியும் துணியை வெட்டினார். வசந்த் ஓடிவிட்டான். சான்று நாற்காலியிலேயே கிடந்தது.

வெட்டிய துணி இப்போது ஜாபெஸ் மணிக்கட்டில் முடிச்சாக இருந்தது.

கட்டிலை விட்டு அவரால் நகர முடியவில்லை. இடது கையால் போனை எடுத்து பூவாயியைக் கூப்பிட்டார். அவள் ஜீப் பிடித்து வந்து வாசலிலேயே நின்றாள்.

"அவுத்து உடு பூவாயி."

"கேஸ்காரி தொடலாமுங்களா?"

 துணிதான் பதில் சொல்லிற்று, ஜாபெஸ் கையை இரண்டு தரம் இழுத்தது.

"இன்னைக்கு பஸ்ஸ நிறுத்துனாலும் போய் ரோட்டுல உக்காருவனுங்க. அது தெரிஞ்சு வேல குடுக்கறதுன்னா சொல்லுங்க."

கொடுப்பதாகச் சொன்னார். என்ன வழக்கு என்று பார்க்காமல் இனி யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்றும், மேலிடத்தில் தானே பேசுவதாகவும் சொன்னார். எனக்கு நல்ல காது. சாட்சிக்கு நான் இருப்பதையும் ஞாபகப்படுத்தினேன்.

பூவாயி இரண்டு விரலில் முடிச்சை அவிழ்த்தாள். ஜாபெஸ் மணிக்கட்டைத் தடவியபடி வெளியேறினார். ஆனால் வழியனுப்பும் வார்த்தையை பூவாயி சொல்லவே இல்லை. துணியின் முனையைத் தன் நாற்காலிக் கையில் கட்டினாள்.

"அவர அனுப்பலையா?"

"கேட்டனுங்க. அடுத்த விதி வர்ற வரைக்கும் இருக்கறாராமுங்க."

அவள் எனக்குக் கஞ்சி எடுத்துவரப் போனாள். அறையில் நான் மட்டும். துணி விறைத்தது.

ஒரு இழுப்பு.

என் தண்ணீர்ச் செம்பைக் காலிக் கட்டில் பக்கமாக நகர்த்தி வைத்தேன். பூவாயி கஞ்சியோடு திரும்பியபோது அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.