வினிதா பார்த்துச் சொன்ன செய்திகள்

ஓசூர் அருகே பேரிகைச் சாலையில் இருந்த பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தீப்பிடித்தது. வினிதாவின் அம்மா ஜோதிமணி அங்கேதான் வேலை பார்த்தாள். முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, மாலை நான்கு மணிக்கு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிரவீனா வரவில்லை.

பிரவீனாவுக்கு இருபது வயது. அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. லாக்கர்களும் எரிந்துபோயின. அவளுடைய எண்ணை யார் அழைத்தாலும் மணி அடிக்கவே இல்லை.

காயம்பட்டவர்களைக் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று பல ஊர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிரவீனாவின் அப்பா கரியப்பனும் வினிதாவின் அப்பா பாஸ்கரனும் அவளைத் தேடி பைக்கில் கிளம்பினார்கள்.

பிரவீனாவின் அம்மா சென்னம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். புதன்கிழமை காலை வினிதா இட்லி கொண்டுபோனபோதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். கண்கள் டி.வி.யில், கையில் செல். அவளைச் சுற்றித் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"முப்பது பேராம்" என்றார் ஒருவர்.

"எனக்கு வந்த மெசேஜ்ல அறுபதுன்னு இக்குது" என்றார் எதிர்வீட்டுப் பரமசிவம். அறுபது என்று சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததுபோல் வினிதாவுக்குத் தோன்றியது.

பிரவீனாவின் தம்பி ஹரீஷ்குமாரைக் காணோம். ஆறு வயதுப் பையன். வினிதா தேடிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தான்.

"வினிதாக்கா, எங்கக்கா கம்பெனி மறுபடியும் எரியுது" என்றான் மெதுவாக. "காலையில இருந்து பதினாலு தடவை. நான் எண்ணிட்டேன்."

வினிதாவுக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஒரே ஒரு தடவைதான் எரிஞ்சுது ஹரீஷ். நேத்து சாயங்காலமே அணைச்சுட்டாங்க. அதையே திரும்பத் திரும்பக் காட்டுறாங்க."

"எதுக்கு?"

வினிதா ஏழாம் வகுப்பு. எழுந்துபோய் டி.வி.யை நிறுத்தினாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு நிறுத்துனது? போடு" என்றாள் சென்னம்மா. அவள் குரல் கரகரத்திருந்தது. "எம் பொண்ணு சேதி வந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து சொல்லுவியா?"

"நான் சொல்றேன் அத்தை. காலையில எட்டு மணி, மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் ஆறு மணி. மூணு தடவை எங்க வீட்டுல நானும் அம்மாவும் செய்தி பார்க்கறோம். கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்திருக்கிற நம்பருக்கும் பேசறோம். தெரிஞ்சதை அப்படியே வந்து சொல்றேன். நடுவுல மாமா போன் பண்ணா அப்பவே ஓடி வர்றேன்."

"ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்க முடியுமா?" என்றார் பரமசிவம்.

வினிதா சென்னம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஹரீஷ் காலையில இருந்து கட்டிலுக்கு அடியில இருக்கான் அத்தை. விடாம அவன் கண்ணு முன்னாலயே எரிஞ்சுட்டு இருக்கு" என்றாள்.

சென்னம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் செல்லை வினிதாவிடம் நீட்டினாள்.

"எதையும் மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன் அத்தை."

டி.வி. ஓடாத வீட்டில் தெருக்காரர்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பரமசிவம், அங்கே சார்ஜ் போட்டிருந்த தன் செல்லை மறக்காமல் கழற்றிக்கொண்டு போனார்.

மதியம் ஒரு மணிக்கு வினிதா ஒரு நோட்டோடு வந்தாள்.

"காயம்பட்டவங்க பட்டியல்ல பிரவீனாக்கா பேர் இல்லை. இறந்தவங்க பட்டியல்லயும் இல்லை. சாயங்காலம் புதுப் பட்டியல் வரும்னு கலெக்டர் ஆபீஸ்ல சொன்னாங்க. மாமாவும் அப்பாவும் ஓசூர்ல பார்த்துட்டு பெங்களூர் போறாங்க. அவ்வளவுதான் அத்தை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சென்னம்மா பாதி இட்லி சாப்பிட்டாள். ஹரீஷ் கட்டிலுக்கு வெளியே வந்து மீதியைச் சாப்பிட்டான்.

சாயங்காலம் வந்த பட்டியலிலும் பிரவீனாவின் பெயர் இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு சென்னம்மாவின் செல்லில் ஒரு மெசேஜ் வந்தது. 'தீ விபத்தில் சிக்கிய பிரவீனா பெங்களூர் மருத்துவமனையில் நலமாக இருக்கிறார். அனைவருக்கும் பகிரவும்.' கீழே மருத்துவமனையின் பெயரும் இருந்தது.

வினிதா செல்லோடு ஓடினாள். சென்னம்மாவின் வீட்டு வாசல்வரை ஓடிவிட்டாள். அங்கே நின்றாள். நேற்று இதே செல்லில், எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றும் ஒரு மெசேஜ் வந்திருந்தது. அது பொய். இது?

திரும்பி வந்து அம்மாவிடம் காட்டினாள். ஜோதிமணி அந்த மருத்துவமனையின் எண்ணைத் தேடி எடுத்தாள். அங்கே பேசியவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. தெருப் பிள்ளைகளிடம் கற்றிருந்த கன்னடத்தில் வினிதாவே கேட்டாள். ஒவ்வொருவராக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது.

ஆமாம், பிரவீனா என்று ஒருவர் இருக்கிறார். வயது முப்பத்து நான்கு. கோலார்க்காரர். பஸ்ஸிலிருந்து விழுந்து கால் முறிந்தவர்.

வினிதா செல்லைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சென்னம்மாவிடம் சொன்னாள்.

சென்னம்மா அவளையே பார்த்தாள். "மெசேஜ் வந்ததும் ஏன் சொல்லல?"

"விசாரிச்சுட்டுச் சொல்லலாம்னு..."

"ஒரு மணி நேரமாவது எம் பொண்ணு உசுரோட இருந்திருப்பாளே, கண்ணு."

வினிதா தலையைக் குனிந்துகொண்டாள். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"வினிதா, அம்மாகிட்ட குடும்மா" என்றார். அந்தக் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு மணிக்காகக் காத்திருக்கவில்லை. இருவரும் உடனே போனார்கள். ஜோதிமணி தரையில் சென்னம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். வினிதா ஹரீஷைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். சென்னம்மா அழுத குரல் தெருமுனைவரை கேட்டது.

பரமசிவத்தின் செல்லில் அப்போதும் பிரவீனா பெங்களூரில் நலமாகத்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை டி.வி.க்காரர்கள் வந்தார்கள். பிரவீனாவின் போட்டோவை வாங்கிக்கொண்டு போய், நாள் முழுவதும் காட்டினார்கள். திங்கட்கிழமை ஒரு நடிகரின் கல்யாணம் வந்தது. அதன்பிறகு எந்தச் சேனலிலும் கம்பெனி இல்லை.

இப்போது சென்னம்மா கேட்க ஆரம்பித்தாள். பேக்கிங் பிரிவின் பின்கதவு அன்று வெளியே பூட்டியிருந்தது என்று ஜோதிமணி அவளிடம் சொல்லியிருந்தாள். பிரவீனாவையும் சேர்த்து மூன்று பேர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கிடந்தார்கள்.

"கதவைப் பூட்டுனது யாருன்னு போட்டாங்களா கண்ணு?"

"இன்னும் போடல அத்தை."

மறுநாளும் அதே கேள்வி. அதே பதில். தீயை நூறு முறை காட்டியவர்களுக்கு ஒரு பூட்டைக் காட்ட நேரம் கிடைக்கவில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. தினமும் மதியம் சாப்பிட்டதும் வினிதா பள்ளி நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாள்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். பத்து நிமிடம். அதற்குமேல் இல்லை. பிறகு விளையாடப் போய்விடுவாள்.

தீப்பிடித்த இருபத்து மூன்றாம் நாள், ஒன்பதாம் பக்கத்தில், இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே ஏழு வரிச் செய்தி இருந்தது. நூலகத்துச் செய்தித்தாளை வெட்டக் கூடாது. வினிதா அதை எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்று விளையாடப் போகவில்லை.

மாலையில் சென்னம்மாவின் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். சென்னம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"தீ விபத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தது தொடர்பாக, அவசர வழிக் கதவை வெளியே பூட்டி வைத்ததாகக் கம்பெனி மேலாளரைப் போலீசார் நேற்று கைது செய்தனர்..." கடைசி மூன்று வரிகளில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன.

"எங்கக்கா பேர் எது?" என்றான் ஹரீஷ்.

வினிதா விரலை வைத்துக் காட்டினாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

சென்னம்மா கேட்டாள்: "பேரைச் சரியா போட்டிருக்காங்களா?"

"சரியாத்தான் போட்டிருக்காங்க அத்தை."

சென்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை படி கண்ணு."

வினிதா முதல் வரியிலிருந்து மறுபடியும் நிதானமாகப் படித்தாள்.