அறுபத்தெட்டு நாள் பிடித்திருந்த வரி

இந்தக் காலத்தில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமல் கதவைத் திறக்கிறார்கள், கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள், கேட்காமல் அழித்துவிட்டு "சாரி" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறார்கள். அழிந்தது திரும்பி வருமா? அதைப் பற்றி எவனுக்குக் கவலை?

ஆஸ்பத்திரியின் ஏசி மெக்கானிக் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு அன்று மத்தியானம் அடித்தளத்துக்குப் படியிறங்கினார். நான்காவது மாடி வார்டில் அவர் மனைவி படுத்திருந்தாள். இரண்டு மணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். "பக்கத்துல நின்னு நீங்க விடுற பெருமூச்சிலேயே எனக்குப் பிரஷர் ஏறுது. போய் உங்க மிஷினைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று அவளே துரத்திவிட்டாள்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். அலமாரி அலமாரியாக இரும்புப் பெட்டிகள், அவற்றில் விடாமல் மினுக்கும் பச்சைப் புள்ளிகள், காதை அடைக்கும் விசிறி இரைச்சல். அந்தப் பெட்டிகள் சூடாகாமல் பார்ப்பது அவர் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் படித்ததில்லை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் சொன்னதுதான். டீச்சர் என்பது பட்டப்பெயர். அந்த அறையில் நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்ட அம்மாள் அவர். டாக்டர்களையே பெஞ்சு மேல் ஏற்றாத குறையாகத் திட்டுவார். பல்வலிக்காக எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பு. "ஒரு நோயாளிக்கு ஒரு வரி அண்ணே. அந்த வரி தப்பாப் போனா ஆளே தப்பாப் போயிடும்" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கையால் ஒரு வரியைத் திருத்தினால் உடனே சேமிக்க மாட்டார். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக் காட்டுவார். கேட்க ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் ஃபில்டர் கழுவிக்கொண்டிருக்கும் மெக்கானிக்தான் அந்த ஆள். படித்து முடித்து, "போடவா அண்ணே?" என்பார்.

"போடும்மா" என்று இவர் சொன்ன பிறகுதான் விரல் விழும். அதுவரை அந்த வரியை வேறு யாரும் தொட முடியாது.

அறுபத்தெட்டு நாளுக்கு முன்னால், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலில் தலை சாய்த்தபடியே டீச்சர் போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில்தான் கண்டக்டருக்கே தெரிந்தது.

இப்போது அவர் நாற்காலியில் ஒரு கண்ணாடிக்காரர். வந்து ஒரு மாதம் ஆகிறது.

"பெரியவரே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்த நாற்காலிகிட்ட மட்டும் ஏன் இப்படிக் குளிருது?"

"குளிரணும்னுதானே தம்பி எனக்குச் சம்பளம்."

"சும்மா இருங்க. கையை வெச்சுப் பாருங்க."

மெக்கானிக் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். பனிக்கட்டி. நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேலே காற்று வரும் வழியே இல்லை. ஏசிக் குழாய் போட்டவரே இவர்தான், இவருக்குத் தெரியாதா?

கிராம்பு வாசனை அடித்தது.

"கிராம்பு மெல்லுறியா?"

"நானா? எனக்குச் சூயிங்கமே ஆகாது." கண்ணாடிக்காரர் திரையைத் தட்டினார். "அதை விடுங்க. இங்கே ஒரு தொல்லை. ஒரே பேரு, ஒரே பிறந்த வருஷம்னு ரெண்டு ரெண்டா கிடக்கிற வரியை ஒண்ணாச் சேர்த்து, பழசைத் தூக்கிப் போடுறேன். நாலாயிரம் வரி முடிஞ்சுது. ஒரே ஒரு வரி மட்டும் அசைய மாட்டேங்குது. யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க."

"யாரு?"

கண்ணாடிக்காரர் திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"டீச்சரோட யூசர்."

"அவங்க செத்து ரெண்டு மாசமாச்சு."

"அதான் பெரியவரே. வந்த அன்னிக்கே அந்தக் கணக்கை நீக்கிட்டேன். லிஸ்ட்ல அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனா உள்ளே உட்கார்ந்திருக்கு. பாருங்க, துண்டிக்கிறேன்." ஒரு கட்டளை அடித்தார். "போச்சா? இப்போ பாருங்க."

அதே எண். அதே பெயர். அதே வரி.

"உள்ளே வந்த தேதி அறுபத்தெட்டு நாள் முந்தி, சாயங்காலம் நாலேகால்னு காட்டுது. நடுவுல நானே சர்வரை மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கேன். எப்படி இருக்கும்?"

"கம்பி எங்கேயோ லூஸா இருக்கும்" என்றார் மெக்கானிக். அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் லூஸ் கம்பிதான்.

"மறுபடி ரீஸ்டார்ட் பண்ணப் போறேன். பிடி விட்ட அந்த நொடியில பழைய வரியைத் தூக்கிடலாம்."

"அது யாரு வரி? அதைச் சொல்லு முதல்ல."

கண்ணாடிக்காரர் பெயரைப் படித்தார். பிறந்த வருஷத்தைப் படித்தார். வீட்டு முகவரியைப் படித்தார்.

மெக்கானிக்கின் வீட்டு முகவரி.

விசிறி இரைச்சல் திடீரென்று தூரத்தில் கேட்பது போல இருந்தது. கிராம்பு வாசனை மட்டும் பக்கத்தில், தோளுக்குப் பின்னால் நின்றது.

"அந்த யூசர் அதுல என்ன செய்யுது?"

"ஒவ்வாமைங்கிற கட்டத்துல எழுதியிருக்கு. இன்னும் சேமிக்கல. 'பெனிசிலின் கூடாது. போட்டால் தொண்டை அடைக்கும். கணவர் சொன்னது.' அவ்வளவுதான்."

அப்போதுதான் அவருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார், வேறொரு ஊரில் ஓர் ஊசியில் மனைவி பிழைத்ததே மறுபிறவி என்று. அந்த மருந்தின் பெயர் அவளுக்கே நினைவில்லை. "இதை ஏன் அண்ணே இத்தனை நாளாச் சொல்லல?" என்று திட்டிக்கொண்டே டீச்சர் எழுதினார். படித்துக் காட்டினார். "போடவா அண்ணே?" என்றார். அதே நேரம் மேல்மாடியில் ஏசி அலாரம் அலறியது. இவர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

பதில் சொல்லவில்லை.

இன்று காலையில் வார்டில் நர்ஸ், "ரெக்கார்டுல எல்லாம் இருக்குங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றபோது, யாரையும் நம்பாத மனுஷன் தலையாட்டிவிட்டு வந்தார். டீச்சர் எழுதினால் அங்கே இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்.

"வார்டுக்குப் போன் போடு!"

கண்ணாடிக்காரர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது.

"நீயே எழுதேன்!"

"அவங்க பிடியை விடாம நான் எழுத முடியாது. சேர்க்கிற வேலை பாதியில நிக்கிறதால புது வரியும் பூட்டிக் கிடக்கு. துண்டிச்சாலும் அடுத்த நொடி வந்து பிடிச்சுக்குது. ரீஸ்டார்ட் பண்ணி எழும்பவே கால் மணி நேரம் ஆகும். பெரியவரே, மாடிக்கு ஓடுங்க!"

நாலு மாடி. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. மெக்கானிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் நின்றார்.

காதோரம் குளிர்ந்தது.

பல்வலிக்காரர்கள் ஒரு கன்னத்தால் பேசுவார்களே, அந்தக் குரல்.

"போடவா அண்ணே?"

கண்ணாடிக்காரரின் இரண்டு கையும் மடியில் இருந்தன. மேஜையைத் தொடவே இல்லை.

மெக்கானிக் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார். 

"போடும்மா."

மேஜை மேல் கீபோர்டில் ஒரு விசை தானாக அழுந்தி எழுந்தது.

டக்.

திரையில் அந்த வரி விடுபட்டது. கண்ணாடிக்காரர் திரைக்கு அருகே குனிந்தார். "சேமிச்சாச்சு, புது வரியிலயும் சேர்ந்தாச்சு" என்றார், தான் செய்தது போல.

மூன்று நிமிஷம் கழித்துத் தொலைபேசி அடித்தது. வார்டு நர்ஸ். "என்னங்க அங்கே விளையாட்டு? மருந்தை ஊசியில ஏத்தி, கையைப் பிடிச்சாச்சு. அப்போ பார்த்துத் திரையில சிவப்புக் கட்டம் வருது! டாக்டர் மருந்தை மாத்திட்டார். இதையெல்லாம் முன்னாடியே ஏத்தக் கூடாதா?"

 மெக்கானிக் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கினார்.

"கம்பி லூஸ்தான். நாளைக்கு வந்து முடுக்கிவிடுறேன்."

"இதுக்கப்புறமும் அப்படியா சொல்றீங்க?"

"வேற என்ன சொல்லணும்?"

அவர் கதவைத் தொடும்போது பின்னாலிருந்து கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். 

"பெரியவரே. அது போகல. இன்னொரு வரியைப் பிடிச்சிருக்கு."

"யாரோடது?"

"உங்களோடது."

"எந்தக் கட்டம்?"

"கடைசிக் கட்டம். இறந்த தேதி போடுற இடம். தேதி எழுதியாச்சு, படிக்கவா?"

"படிக்காதே."

கிராம்பு வாசனை மெல்ல நகர்ந்து வந்து, கதவருகே நின்றது. காதோரம் மறுபடியும் குளிர்ந்தது. அதே குரல், அதே மரியாதை. கேட்காமல் எதையும் செய்யாத மனுஷி.

"போடவா அண்ணே?"

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். லூஸ் கம்பிக்கு யாராவது பதில் சொல்வார்களா? படியேறி, மனைவி இருக்கும் மாடியைப் பார்த்து, திரும்பாமல் நடந்தார்.