வாலுக்கு ஒரு வால்

காலியாகக் கிடக்கும் குடோனில் சிக்னல் குறையக் கூடாது. குறைந்தது.

அவள் நின்று டேப்லெட்டைப் பார்த்தாள். ஐந்து கோட்டில் மூன்றுதான் இருந்தது. மத்தியான வெயில் கூரையிலிருந்த கண்ணாடிப் பட்டைகள் வழியாக நேராக இறங்கி, சரக்கு ஏறாத இரும்பு ரேக்குகள் மேலும், பெயின்ட் வாசனை போகாத தரை மேலும், மூலை முடுக்கு விடாமல் பரவியிருந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லாத வெளிச்சம். முதுகுக்குப் பின்னால், வாசலருகே ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டிவைத்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு, தலையைத் திருப்பினால் இங்கிருந்தே தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

எந்த இடத்துக்கு எந்தப் பெட்டி என்று அளந்து பார்த்துச் சொல்வதுதான் அண்ணனும் அவளும் சேர்ந்து நடத்தும் தொழில். ஆபீஸ் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பைத் திறப்பார்கள். கூட்டத்தைத் தாங்குகிற பெட்டி வேண்டும். ஓட்டல் என்றால் சுவருக்குச் சுவர் சிக்னல் செத்துப்போகும்; அறைக்கு அறை சின்னதாக வைக்க வேண்டும். குடோன் வேறு ரகம். உயரத்திலிருந்து ரேக் சந்துக்குள் நேராகப் பாய்ச்ச வேண்டும், என்ன சரக்கு வரப்போகிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டைப்பெட்டி வழிவிடும். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். மனிதனும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கம்பத்துக்கு முதுகைக் காட்டி நடந்தால் அவள் உடம்பே ஒரு கோட்டைத் தின்னும்.

ஒன்று கணக்கில் வந்துவிட்டது. இன்னொன்று?

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "அண்ணா, கம்பத்துக்கு முன்னாடி நிக்கிறியா?"

"இல்லையே. வெளிய வேன்கிட்ட நிக்கிறேன்."

"ரெண்டு கோடு போகுது. ஒரு ஆள் குறுக்க நிக்கிற மாதிரி."

"உடம்பைக் குறை, வாலு. நட."

வாலு. சின்ன வயதில் அண்ணன் விளையாடப் போனாலும் அடி வாங்கப் போனாலும் பின்னாலேயே ஓடுவாள். அப்போது ஒட்டிய பெயர். இன்றைக்கும் அவன் போ என்றால் ஏன் என்று கேட்பதில்லை. இந்தக் குடோனைப் போன மாதம் அவனே அளந்தான். "எங்கேயோ தப்பு பண்ணிட்டேன், நீ ஒரு தடவை நடந்துடு" என்றான். வந்துவிட்டாள்.

நடந்தாள். ஷூ சத்தம் ரேக்குகளில் பட்டு, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கனமாகத் திரும்பி வந்தது. காலி இடத்தில் எதிரொலி அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது, காயாமல் மடித்துவைத்த துணியின் புழுங்கல் வாசனை. சந்தின் கோடியில் நின்றாள். எதிரொலி நிற்க ஓர் அடி கூடுதலாக எடுத்துக்கொண்டது.

கம்பத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஐந்து. யாருமில்லை.

முதுகைக் காட்டினாள். மூன்று.

மறுபடி திரும்பினாள். ஐந்து.

இடத்தில் கோளாறு இல்லை. அவளோடு சேர்ந்து திரும்புகிறது.

"அண்ணா, எனக்குப் பின்னாடி ஏதோ இருக்கு."

"உன் குரல் வெட்டி வெட்டி வருதும்மா."

அவன் குரல் வெட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. அதுதான் அவளை உறைய வைத்தது. ஒரு மாதமாக அவன் பேசினால் பாதி வார்த்தை வராது. மாடியில் நின்றாலும் ஜன்னலில் நின்றாலும் இவர் கையில் போனில் சிக்னல் நிற்பதில்லை என்று அண்ணி புலம்பினாள். பிறகு புலம்புவதை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலை வேனில் வரும்போது அண்ணன் அண்ணிக்குப் போன் போட்டான். "சாயங்காலம் வந்துடு. எல்லாம் சரியாயிடும்."

எல்லாம்.

உள்ளே வந்ததும் அவன் இந்தச் சந்து வரைக்கும் கூடவே வந்தான். "வளந்திருக்கியா பாக்கலாம்" என்று, சின்ன வயதில் செய்வதுபோல் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்து அளந்தான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"அண்ணா. போன மாசம் இது உன்கூட வந்துச்சா?"

வேன் கதவு திறப்பது வாக்கி-டாக்கியில் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான், வாலு. ஒண்ணும் பண்ணாது. கூடவே இருக்கும்."

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினியா?"

"எனக்குக் குழந்தை இருக்கு. உனக்கு யாரு இருக்கா, சொல்லு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்." வேன் கதவு சாத்துவது கேட்டது. "வேற வண்டி பிடிச்சு வா. வீட்டுக்குக் கொஞ்ச நாள் வர வேண்டாம்."

எஞ்சின் சத்தம் தேய்ந்து, தெருவோடு கலந்து, போய்விட்டது.

முதுகிலிருந்து முதுகுக்கு மாறுகிறது. அவளுக்குப் புரிந்தது. இறக்கி வைக்க அவளுக்கும் ஒரு முதுகு வேண்டும். உலகத்தில் அவள் சாய்ந்து நிற்கக்கூடிய ஒரே முதுகு இப்போதுதான் வேனில் ஏறிப் போனது.

அழவில்லை. முதலில் வெளியே போக வேண்டும். கம்பத்தைப் பார்த்தபடி நடந்தாள். முகம் வாசலைப் பார்க்கிறவரை ஐந்து கோடும் இருக்கும். பின்னால் வருவது பின்னால்தான் வரும். ஐந்து. ஐந்து. பின்னால் கனமான அடிகள். ஐந்து.

நான்கு.

நின்றாள்.

எதிரே வெயில். காலித் தரை. பச்சை விளக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று.

பக்கவாட்டில் திரும்பினாள். இரண்டு. அந்தப் பக்கம். இரண்டு. புழுங்கல் வாசனை இப்போது முகத்துக்கு நேராக வந்தது.

ஒண்ணே ஒண்ணு என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தான்.

ஒன்று.

குதிகாலோடு ஒரு குதிகால் வந்து ஒட்டியது. முதுகோடு ஒரு முதுகு. சில்லென்று, ஈரமாக. அவள் அசையவில்லை. டேப்லெட்டில் கடைசிக் கோடும் அணைந்தது.

வெட்ட வெளிச்சத்தில், உயரம் பார்ப்பதுபோல, ஈரமான ஓர் உள்ளங்கை அவள் உச்சந்தலையில் படிந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.