பசித்த உலோகந்தின்னி

"ஏனுங்ணா, முந்தாநாள்ல இருந்து சாக்கடைல ஒரு சொட்டு விஷம் வரலீங்ளே! பட்டறை நடத்தறீங்களா, பால் யாவாரம் பண்றீங்களா?"

தெய்வாத்தாள் போட்ட கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"புது மெஷின் போட்டிருக்கேன் அம்மிணி. இனிக் கழிவே வராது" என்று முலாம் பட்டறை ரத்தினசபாபதி நெஞ்சை நிமிர்த்தினார்.

"உங்க பெருமைல இடி விழ! பசியில அது என்ற வீட்டுக் குழாயத் தின்னுபோட்டுது!"

அது என்றால் உலோகந்தின்னி. கோவைச் சாக்கடைகளில் எல்லாம் வளர்க்கிறார்களே, அந்த வெள்ளைப் பூஞ்சை. கழிவுநீரில் உள்ள நிக்கல், குரோமியம், செம்பு அத்தனையையும் தன் இழைகளுக்குள் உறிஞ்சிவிடும். அது வந்தபின் வாய்க்காலில் கெண்டை துள்ளுகிறது. பட்டினி போட்டால்தான் வம்பு. அமிலம் கக்கிக் கெட்டி உலோகத்தையே கரைத்துத் தின்னும். தங்கம் மட்டும் அதற்குச் செரிக்காது.

தெய்வாத்தாளின் கவலை குழாய் அல்ல. அன்று மகள் சௌந்தரத்துக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பீரோவில் இருந்த நகையில் முக்கால்வாசி, ரத்தினசபாபதி கைப்பட முலாம் பூசிய செம்பு. இது அவருக்கும் தெய்வாத்தாளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். தெருவுக்கும் லேசாகத் தெரியும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா! பீரோவுக்குள்ள வெள்ளையா ஏறுது!" என்று சௌந்தரம் அலறினாள்.

தெய்வாத்தாள் ஓடுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா நாச்சம்மாள் முந்திக்கொண்டு பீரோவைத் திறந்துவிட்டார். உள்ளே பஞ்சுப்பொதி போலப் பூஞ்சை. ஒரே ஒரு சங்கிலி மினுங்கியது. மற்றதெல்லாம் வெங்காயச் சருகாக, வெறும் தங்கத் தோல்.

"நல்லாப் போட்டீங் சம்பந்தி, பவுனு!" நாச்சம்மாள் கையை விட்டுச் சருகொன்றைத் தூக்கிக் காட்டினார்.

தூக்கிய கையோடு வெள்ளை இழைகளும் வந்தன. எல்லோரும் பார்க்கப் பார்க்க, அவருடைய கனத்த வளையல்கள் ஒவ்வொன்றாக நசுங்கின.

"அத்தே, உங்களுக்கும் ரத்தினசபாபதி மாமாதான் பூசிக் குடுத்தாருங்ளா?" என்றாள் சௌந்தரம்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

அவர்கள் கல்யாணம் மஞ்சள் கயிற்றோடு முடிந்து, இருவரும் ஓசூரில் குடித்தனம் வைத்துவிட்டார்கள். முலாமை நம்ப ஆளில்லாமல் ரத்தினசபாபதி பட்டறையை மூடிவிட்டு ஈரோட்டுக்குப் போனார். அங்கே, பெண் பார்க்கப் போகிறவர்களுக்குப் பட்டினி போட்ட உலோகந்தின்னியைத் தீப்பெட்டியில் அடைத்து விற்கிறாராம். முதல் பெட்டியை வாங்கியவர் நாச்சம்மாள். இளைய மகனுக்குப் பெண் தேடுகிறார்.