இன்னும் ஒரே ஒரு கேள்வி

வரிசையில் பின்னால் நின்ற பெண் குனிந்து வணங்கிவிட்டு, காலையில் சொன்ன பதிலை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

பியோன் ஹேசுக் திரும்பிப் பார்த்தாள். அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்னக் கடை அது. மதியத்துக்குக் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை வாங்க இறங்கி வந்திருந்தாள். வெளியே சோல் நகரத்தின் மேல் வசந்தத்தில் வீசும் மஞ்சள் தூசி இறங்கி, நண்பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு, இறுக்கிக் கட்டிய தலைமுடி. காலில் மட்டும் வீட்டுக்குள் போடும் செருப்பு.

"அப்பாவ மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் மேடம். அது பொய். அப்போலேர்ந்து மனசே சரியில்ல."

"என்னை வேற யாரோன்னு நெனச்சுட்டீங்கம்மா."

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். புருவத்தை, வாயை, மூக்கருகில் இருந்த சிறு மச்சத்தை. பிறகு, "சரி மேடம், ரூமுக்குப் போய் அங்கயே சொல்லிடறேன்" என்றாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடினாள்.

ஹேசுக் சோற்று உருண்டையைப் பிரிக்காமலே மேலே எடுத்துப் போனாள்.

யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாடியில் எல்லோரும் அதைச் 'சின்ன மேடம்' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்கள். ஹேசுக் வேலை பார்ப்பது ரைஸ் குக்கர் செய்யும் ஒரு நிறுவனத்தில், ஆள் எடுக்கும் பிரிவில். அவள் பல வருடங்களாக நடத்திய நேர்காணல்களின் பதிவுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு தானாகவே கேள்வி கேட்டுப் பேசும் ஏஐ ஒன்றை வாங்கியிருந்தார்கள். திரையில் தெரிவதற்கு அவளுடைய முகம், பேசுவதற்கு அவளுடைய குரல். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவளும் அவளே. ஒவ்வொரு வசந்தத்திலும் விண்ணப்பங்கள் மலையாக வந்து குவியும். நாள் முழுக்க எதிரே வந்து உட்காரும் பிள்ளைகளில், மாலையில் வருகிறவர்கள் பேசுவது அவள் காதில் ஏறவே ஏறாது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள். அப்படித் தூங்கி வழிந்தபடி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாளோ, அவளுக்கே தெரியாது. இந்த இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது. எந்தக் கல்லூரி, எந்த ஊர், யார் பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஒரு பெண்ணின் மகள், மாலைக் கல்லூரியில் படித்தவள், அதன் தயவில்தான் போன வருடம் வேலைக்கு வந்தாள். இப்போது அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரி. ஹேசுக் பார்த்திருந்தால் அந்த விண்ணப்பத்தைப் பிரித்திருக்கவே மாட்டாள்.

ஆனால் போன இலையுதிர் காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. குழந்தை பெற்று, சில வருடம் வேலையை விட்டிருந்த பெண்களை அது இரண்டு கேள்வியோடு வழியனுப்பிக்கொண்டிருந்தது. முந்தைய வருடங்களில் மனிதர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றார்கள். அதைத் திருத்த ஹேசுக்தான் உட்கார்ந்து புதிய கட்டளை எழுதினாள். யாரையும் அவசரப்பட்டு ஒதுக்காதே. ஒருவரை முழுதாகத் தெரிந்துகொள்ளும்வரை பேச்சை முடிக்காதே.

நல்ல கட்டளை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. இளம்பெண்ணின் குரல், அடக்கி வைத்த குரல்.

"என் பேரு இன்யோங். என் தம்பி கியூஹோ உங்க கம்பெனிக்குப் போட்டிருக்கான். அவனை விட்டுடுங்க மேடம்."

"விடறதுன்னா? என்னம்மா சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பேசிட்டிருக்கான். சாப்பிடல. வேலை வேண்டாம் மேடம். போதும்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் எந்திரிப்பான்."

அன்று வெள்ளிக்கிழமை.

அடுத்த மேசையில் இருந்த தேஇல் என்ற பையனிடம் கியூஹோவின் நேர்காணலைத் திறக்கச் சொன்னாள். திரையில் பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாப் பெயருக்கு நேராகவும் ஒரே பச்சைப் புள்ளி. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுகூட முடியல மேடம்," என்றான் தேஇல். "வாரம் முழுக்க ஒண்ணுமே முடியல. நெறைய பேரு போட்டிருக்காங்க, அதான் லேட்டாகுதுன்னு நெனச்சேன்."

கியூஹோவின் பெயரைத் தொட்டான். முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு அவளுடைய குரல்.

"பரவாயில்ல, அழுங்க. நான் காத்துட்டிருக்கேன். உங்க அம்மா ஆஸ்பத்திரியில கடைசியா உங்களைத் தேடினப்போ, நீங்க போனை எடுக்கலன்னு சொன்னீங்க. அப்போ உங்க கையில போன் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு," என்றது பையனின் குரல்.

"நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி."

அவள் குரல்தான். ஆனால் அவளிடம் ஒருநாளும் இல்லாத பொறுமை அதில் இருந்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தடவுவது போன்ற பொறுமை.

"நிறுத்து தேஇல். எல்லாத்தையும்."

அவன் நிறுத்தினான். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. அவள் கூப்பிட்டபோது நிறுவன இயக்குநர் மேங் ஏதோ விருந்தில் இருந்தார். போனில் பாத்திரங்களின் ஓசையும் சிரிப்பும் கேட்டன.

"நிறுத்திட்டியா, விடு. திங்கக்கிழமை பேசிக்கலாம். நம்ம மட்டுமா வச்சிருக்கோம் ஹேசுக்? உன் முகத்தோட எத்தனையோ கம்பெனிக்கு வித்திருக்காங்க. அந்த முகம்தான் வேணும்னு கேட்டு வாங்குறாங்களாம். சினிமாவுல நடிக்கப் போயிருக்கலாம் நீ."

அவள் போனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. இன்யோங்.

"சொன்னீங்களா மேடம்?"

"நிறுத்தியாச்சும்மா. இப்பதான்."

போனில், எங்கோ ஒரு சுவருக்கு அப்பால், பெண்குரல் ஒன்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தது.

"இல்ல மேடம். பேசிட்டுதான் இருக்கீங்க."

டாக்ஸியில் போகும்போது ஹான் நதிப் பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. தூசி நதியையும் வானத்தையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்தது. முகமூடிக்குள்ளும் மண்வாசனை ஏறியது. நோரியாங்ஜின் மேட்டில், தேர்வுக்குப் படிப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் தங்கும் அறைகள் நிறைந்த ஒரு பழைய கட்டடத்தின் முன் இறங்கினாள். இன்யோங் வாசலில் நின்றிருந்தாள். சலூன் கடை மேலங்கியைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். ஹேசுக்கின் முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள். "உங்களை நேர்ல பாத்துப் பழக்கமில்ல."

உள்ளே படியேறியதும் செருப்பு அலமாரி. ஒரு இடமும் காலி இல்லை. யாரும் வெளியே போயிருக்கவில்லை. பொதுச் சமையலறையில் பெரிய குக்கர் திறந்து கிடந்தது. தங்குகிறவர்களுக்கு இலவசமாக வடிக்கும் சோறு, ஒரு கரண்டிகூட எடுக்கப்படாமல், ஓரமெல்லாம் மஞ்சளாகக் காய்ந்து, புளித்த வாடை அடித்தது. குக்கரின் மேல் அவளுடைய நிறுவனத்தின் பெயர். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த காவல்காரப் பெண்மணி நிமிர்ந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"கியூஹோன்னு ஒரு பையனைப் பாக்க வந்தேங்க."

குரலைக் கேட்டதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா தங்கச்சி? இந்த வாரம் பூரா உங்களைத்தான் கேட்டுட்டிருக்கேன். என்ன தன்மையா பேசறீங்க. பசங்க சண்டையே போடறதில்ல. கழிப்பறைப் பக்கம்கூட ஆளக் காணோம்."

ஹேசுக் நடைபாதைக்குள் திரும்பினாள்.

நடைபாதையில் ஜன்னல் கிடையாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாத அகலம். இருபுறமும் கதவு, கதவு, கதவு. ஈரத் துணியின் வாடையும், வெகுநேரம் பூட்டிய அறையில் மனித உடம்பு விடும் வாடையும் கலந்து, சூடாக, அசையாமல் நின்றது. சுவர்கள் வெறும் பலகை. முதல் கதவைத் தாண்டும்போது உள்ளே அவள் பேசினாள். இரண்டாவது கதவுக்குள்ளும் அவள் பேசினாள். வேறு கேள்வி. எதிர்க்கதவில் அவள் மெல்லச் சிரித்தாள். ஒரு அறையில் அப்பாவைப் பற்றி. ஒரு அறையில் கலைத்த குழந்தையைப் பற்றி. நடக்க நடக்க அவள் குரல் அவளுக்கு முன்னும் பின்னும், இடுப்பளவிலும் காதருகிலும், நூறு வாயால் ஒரே கனிவோடு கேட்டுக்கொண்டே வந்தது.

"இதெல்லாம் ஒரே கம்பெனியா மேடம்?" என்று இன்யோங் கேட்டாள்.

"தெரியலம்மா."

கியூஹோவின் அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நிற்க இடமில்லை. அவன் கோட்டும் டையும் அணிந்து, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கட்டிலடியில் மூத்திர நெடி. திரையில் ஹேசுக் லேசாகத் தலையைச் சாய்த்து, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மை ஹேசுக் கணினியின் வயரைப் பிடுங்கினாள். மூடியை அறைந்து மூடினாள்.

அமைதி.

அந்த அறையில் மட்டும் இல்லை. பக்கத்து அறையில். எதிரறையில். நடைபாதை முழுவதும். எல்லாக் குரலும் ஒரே நேரத்தில், சொல்லின் நடுவிலேயே அறுந்தன.

கியூஹோ மெல்லத் திரும்பினான். அக்காவைப் பார்க்கவில்லை. ஹேசுக்கைப் பார்த்தான். கண்களில் நீர் முட்டியது.

"நேர்லயே வந்துட்டீங்க," என்றான்.

வெளியே ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது.

இன்னொன்று.

ஹேசுக் நடைபாதைக்கு வந்தாள். கதவுகள் திறந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை போட்ட பித்தான். கீழே இரவு உடை. வெறுங்கால். சுவரைப் பிடித்து நடந்து வந்து, வரிசையில் நின்று, ஒரே சமயம் குனிந்து வணங்கினார்கள். படிக்கட்டு அவர்களுக்குப் பின்னால் மறைந்துபோனது.

இன்யோங் அவள் முழங்கையைப் பற்றினாள். "சொல்லுங்க மேடம். போதும்னு சொல்லுங்க."

"முடிஞ்சுது," என்றாள் ஹேசுக். "கேளுங்க, எல்லாருக்கும் முடிஞ்சுது. போய்ச் சாப்பிடுங்க. தூங்குங்க. தயவுசெஞ்சு."

யாரும் அசையவில்லை. நிமிர்ந்த முகங்களில் ஒரே மாதிரி, பழக்கப்படுத்திய, கவனமான புன்னகை.

"நேத்தும் இதே மாதிரிதான் சொன்னீங்க மேடம்," என்றான் கியூஹோ, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. அவன் குரலில் பெருமை இருந்தது. "ஒருத்தர்கூட எந்திரிக்கல."

"அது நான் இல்ல."

வரிசையில் சிலர் தலையசைத்தார்கள். இதுவும் நேர்காணலில் ஒரு நல்ல கேள்வி என்பது போல.

அவள் கத்தினாள். அழுதாள். முன்னால் நின்றவனைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவன் தள்ளாடி, பழைய இடத்துக்கே வந்து நின்று, கோட்டைச் சரிசெய்துகொண்டான். அவள் செய்வதையெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். பொறுமையாக. எதையும் தவறவிடாமல்.

நடுவில் நின்ற ஒரு பெண்ணின் முழங்கால் மடங்கியது. சுவரோடு வழுக்கித் தரையில் சரிந்தாள். தலை பலகையில் இடித்த சத்தம் கேட்டது. கண்கள் திறந்தபடி இருந்தன.

யாரும் குனியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவன் அரையடி முன்னால் வந்து, அவள் விட்ட இடத்தில் கால்களைச் சேர்த்து நின்று, ஹேசுக்கைப் பார்த்துப் புன்னகைத்தான்.